பெட்டி வண்டியின் மக்காடு

ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கிற கிட்டங்கிக்குள் காற்றை விடமாட்டார்கள். ஆவணி மாதத்துக் காற்று வெளியே போடியின் தகரக் கூரைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருக்கும்; உள்ளே சன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும். வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்களின் மடிக்கு முன்னால் முறங்கள். காம்பைக் கிள்ளி, பிஞ்சை ஒதுக்கி, வெடித்த காயைத் தனியாகப் போடவேண்டும். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் எழுந்திருக்கும்போது தலைமுடி, சேலை, நகக்கண் எல்லாம் ஏலக்காய் வாசம். வீட்டுக்குப் போய் மீன் கூடைகளைக் கழுவினால்தான் அது அடங்கும். ஒச்சம்மாளுக்கு இரண்டு வாசமும் பழகிப்போய்விட்டது.

எழுபத்தொன்பதாம் வருசம் அது. அன்றைக்கு மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போன கருத்தம்மாள், போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

“ஒச்சு, எந்திரி. ஒங்க பெட்டி வண்டி மெட்டு ரோட்டுல செவுத்துல மோதிக் கெடக்காம். லாரிக்காரன் ஒருத்தன் சொல்லிட்டுப் போனானாம். ஒன் வீட்டுக்காரரு கேட்டதும் அந்தானைக்கு சைக்கிளை எடுத்துக்கிட்டு முந்தலுக்குப் போயிட்டாரு.”

ஒச்சம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். யார் ஓட்டிப் போனது என்று அவள் கேட்க வேண்டியதில்லை. விடியக்காலம் மீன் கூடைகளை ஏற்றிக் கயிறு கட்டி, தம்பி ராமர் கையில் கம்மங்கஞ்சித் தூக்கைக் கொடுத்து அனுப்பியது அவள்தான்.

“ஆளுக்கு?” என்றாள்.

“அது தெரியலையே ஆத்தா.”

மேற்கே ஊர் முடிந்து மலைச்சாலை ஆரம்பிக்கிற இடம்வரை ஓடினாள். அதற்கு மேல் ஓடிப் பிரயோசனமில்லை என்று புளியமரத்தடியில் நின்றுகொண்டாள். மலையடிவாரத்துச் செக்போஸ்ட் இருக்கிற முந்தல் அங்கிருந்து வெகுதூரம். மலை உச்சியில் மேகம் இறங்கி, போடிமெட்டு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. காற்று சேலையை இழுத்தது. வருகிற ஒவ்வொரு லாரியையும் ஜீப்பையும் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். ஒரு ஜீப்புக்காரன் நிறுத்தாமலேயே கையை ஆட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனான். நல்லதா கெட்டதா என்று அவளுக்குப் புரியவில்லை.

கடைசியில் ஒரு லாரி அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. பின்னால் தட்டில் பெட்டி வண்டியும் சைக்கிளும், கயிறு போட்டுக் கட்டி. முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் ராமர். முழங்கையில் தோல் உரிந்து, சட்டையெல்லாம் செம்மண். அவனுக்கு அந்தப்புறம் அவள் புருசன் காசிமாயன், கல்லைப் போல.

ஒச்சம்மாள் ஏறித் தம்பியின் தலை, தோள், கை, முட்டி என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லக்கா. நல்லாத்தான் இருக்கேன்.”

“பேசாம இருடா” என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தடவினாள்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். மோட்டார் சைக்கிள்தான், இடது பக்கம் மூன்றாவதாக ஒரு சக்கரம். முதலில் அதில் துரைமார் வீட்டு அம்மாக்கள் உட்கார்ந்து போகிற தொட்டி ஒன்று இருந்ததாம். மேலே ஒரு எஸ்டேட்டில் கேட்பாரில்லாமல் கிடந்ததைக் காசிமாயன் வாங்கிக் கொண்டுவந்தபோது தொட்டி மக்கிப்போயிருந்தது. அதை எடுத்துவிட்டு மரப்பெட்டி வைத்தான். மதுரையிலிருந்து ரயிலில் ஐஸ் போட்டு வருகிற மீனையும் கருவாட்டையும் அதில் ஏற்றி, போடிமெட்டிலும் அதைத் தாண்டிய எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்து வீடுகளிலும் விற்றுவருவார்கள். ஒருநாள் காசிமாயன், மறுநாள் ராமர் என்று முறை. ஊரில் அதற்குப் பெட்டி வண்டி என்றே பெயர்.

பெட்டிப் பக்கத்துச் சக்கரத்துக்கு மேலே சேறு தெறிக்காமல் கவிந்திருக்கிற மக்காடுதான் வில்லங்கம். அதைத் தூக்கிப் பிடிக்க முன்னால் ஒரு இரும்புப் பட்டை, பின்னால் ஒரு இரும்புப் பட்டை. பின்பட்டை எஸ்டேட்டிலேயே யாரோ லாரியின் வில்லுப்பட்டையை வெட்டிச் செய்து போட்டது. “இதுதான்டா இரும்பு” என்று காசிமாயன் அதை உள்ளங்கையால் தட்டிக் காட்டுவான். முன்பட்டைதான் விரிசல் விட்டுக்கொண்டே இருந்தது. சித்திரையில் ஒரு தடவை விட்டது, பற்றவைத்தார்கள். ஆனியில் மறுபடியும். தகடு வைத்துப் பற்றவைத்தார்கள். இப்போது மூன்றாவது தடவை, அதுவும் கொண்டை ஊசி வளைவில்.

வண்டியை வீட்டு வாசலில் இறக்கி, லாரிக்காரன் போகிறவரைக்கும் காசிமாயன் வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தான்.

“இரும்பா அப்பளமாடா அது? நான் ஓட்டையில ஒடையாதது ஒன் கையில மட்டும் எப்பிடி ஒடையுது?”

“நான் என்ன செய்றது மச்சான். எறக்கத்துல திரும்புறேன், டம்முன்னு சத்தம். மக்காடு சுத்திக்கிட்டு முன்வாய் டயருல குத்திருச்சு. சக்கரம் நின்னுபோச்சு. வண்டி இடது பக்கமா இழுத்துக்கிட்டுப் போயி செவுத்துல நின்னுச்சு.”

“செவுரு இல்லாட்டி?”

ராமர் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் குடித்தான்.

“ஜீப்பு ஓட்டுற பிச்சைமணி சொல்லித்தான் எனக்கே தெரியுது. மேலருந்து எறங்கையில ஆளுகளை ஏத்திக்கிட்டு வர்றியாம்ல? பெட்டிக்குள்ள கூடை இருக்கு. ஆளு எங்கிட்டு உக்காரும்? மக்காட்டு மேலதான் உக்காரும். ஒரு ஆளு பாரம் தாங்குமா அந்தப் பட்டை?”

“மக்காட்டு மேல யாரையும் உக்கார வைக்கலை.”

“ஏத்துனியா, இல்லையா?”

“ஏத்துனேன். ஒருக்க. சந்திரவல்லி, லயத்துல இருக்குமே, அது காய்ச்சப் புள்ளையைத் தூக்கிக்கிட்டு மழையில நின்னுச்சு. ஜீப்பெல்லாம் நெறஞ்சு போயிருச்சு. பெட்டிக்குள்ள காலிக் கூடைகளை ஒதுக்கி உக்கார வச்சு ஆஸ்பத்திரியில எறக்கிவிட்டேன். அம்புட்டுத்தான்.”

“ஒருக்கன்னு சொன்னா நான் நம்பணும். பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு இருக்கு மாப்ளே.”

பக்கத்து வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. ராமர் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தான்.

“சரி, நான் பொய் சொல்றேன். காலையில ஜீப்புல மேல போறேன். எஸ்டேட்டுல மருந்தடிக்க ஆளு கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக. ஒங்க வண்டியை நீங்களே ஓட்டுங்க.”

“போ. போயி அங்கயாவது உண்மையா இரு.”

ஒச்சம்மாள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். பிறந்த ஊரான சிலமலையில் அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போனபிறகு தம்பியைக் கையோடு கூட்டிவந்தவள் அவள். கூட்டிவரச் சொன்னதே காசிமாயன்தான். இருவரும் ஒரே வட்டிலில் சாப்பிடாத குறை. இன்றைக்கு அவள் மொச்சை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். புருசன் உள்ளே உட்கார்ந்து தின்றான், தம்பி வெளியே வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றான். இரண்டு பேருமே பாதிச் சோற்றை மிச்சம் வைத்தார்கள்.

தம்பி பொய் சொல்லமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். புருசன் அநியாயமாகப் பழி போடுகிறவன் இல்லை என்றும் தெரியும். அவளைப் பிடித்து உலுக்கியது வேறொன்று. தம்பி மேலே போய்விட்டால் வண்டியை ஓட்டப்போவது காசிமாயன். பட்டை மறுபடியும் உடையாது என்று யார் சொல்வது?

விடிந்ததும் ஆட்டுக்குத் தழை போடப் போனாள். அகத்திக் கொப்பு ஒன்றை முளையில் கட்டுவதற்காக வளைத்தாள். நுனியைக் கீழே அமுக்கினாள். கொப்பின் மேல் தோல் பிளந்து, வெள்ளையாக நார் தெரிந்தது. கீழ்த்தோல் சுருங்கினதே தவிர முழுசாக இருந்தது.

அதைக் கையில் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றாள். பிறகு கொப்போடு வண்டியிடம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

முன்பட்டை இரண்டு துண்டாகிப் போயிருந்தது. உடைந்த வாயை முந்தானையால் துடைத்தாள். ஒரே நிறமாக இல்லை. வாயின் மேல்பாதி வெள்ளிபோல மின்னியது. கீழ்ப்பாதி துருவேறிக் கறுத்துக் கிடந்தது. கிட்டங்கியில் நேற்று வெடித்த காயையும் போன மாதம் வெடித்த காயையும் பார்த்ததும் பிரித்துப் போடுகிற கண் அவளுக்கு. கறுத்த பக்கம் எப்பவோ விட்டது. மின்னுகிற பக்கம் நேற்று விட்டது.

ராமர் துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

“போய்ட்டு வர்றேங்க்கா.”

“நில்லு. இந்தாங்க, கொஞ்சம் வாங்க இங்கிட்டு.”

காசிமாயன் வேப்பங்குச்சியைக் கடித்தபடி வந்தான். கண் சிவந்திருந்தது. ராத்திரி அவனும் உறங்கவில்லை.

“இதைப் பாருங்க. ஆளு மேல உக்காந்தா மக்காடு கீழ அமுங்கும்ல? அமுங்குனா கொப்பு எங்க பொளக்குது?” அகத்திக் கொப்பை வளைத்துக் காட்டினாள்.

“மேலதான் பொளக்கும்.”

“பட்டையில பழைய விரிசல் எங்க இருக்கு? கையை வச்சுப் பாருங்க.”

காசிமாயன் குனிந்தான். விரலால் தடவினான். விரலில் ஒட்டின துருவைப் பார்த்தான். அடிப்பக்கத்தை மறுபடியும் தடவினான்.

“கீழருந்து விட்டிருக்கு” என்றான் மெதுவாக.

“ஆளு உக்காந்து ஒடஞ்சிருந்தா மேலருந்துல்ல விட்டிருக்கணும்?”

அவன் வேப்பங்குச்சியைத் துப்பினான். “அப்ப மக்காட்டை யாரோ மேல தூக்குன மாதிரில்ல இருக்கு. கீழருந்து யாரு தூக்குறா?” என்றான்.

“அதைத்தான் நானும் கேக்குறேன்.”

“ஜீப்பு போயிரும்க்கா” என்றான் ராமர்.

“போனா போகட்டும். போறவன் பேரைச் சுத்தமா எடுத்துக்கிட்டுப் போ. வெரசா வண்டியைப் பிடி, ஜக்கையன் பட்டறைக்குப் போவோம்.”

பட்டையை இரண்டு தடவையும் பற்றவைத்த ஜக்கையனின் பட்டறை சந்தைக்குப் பின்னால் இருந்தது. பற்றவைக்கிற கேஸுக்குப் போடுகிற கார்பைடின் நாற்றம் தெருமுனையிலேயே அடிக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு மூன்று பேர் வருவதைப் பார்த்ததுமே அவன் சண்டைக்குத் தயாராகிவிட்டான்.

“தெரியும். ஊரெல்லாம் பேச்சு. ஜக்கையன் ஒட்டு நிக்கலைன்னுதானே சொல்ல வந்தீக? எங்க, என் ஒட்டு விட்டிருக்கான்னு காட்டுங்க, இப்பவே கடையைச் சாத்துறேன்.”

“ஒன்னை யாரும் ஒண்ணும் சொல்லலண்ணே” என்றாள் ஒச்சம்மாள்.

“பாரு, நல்லாப் பாரு. ஆனியில ஒட்டுனது இது. கல்லு மாதிரி இருக்கு. அதுக்குப் பக்கத்துல விட்டிருக்கு. சித்திரையில ஒட்டுனது இந்தா, இதுவும் கல்லு. பக்கத்துல பக்கத்துல விட்டா நான் என்ன செய்வேன்? இந்தத் தடவை இன்னும் கனமா, இந்தத் தண்டிக்குத் தகடு வச்சு…”

“வச்சா அதுக்குப் பக்கத்துல விடும்” என்றான் காசிமாயன்.

ஜக்கையன் அளவு காட்டின விரல்களை மடக்கிக்கொண்டான். அகத்திக் கொப்பு விசயத்தை ஒச்சம்மாள் அவனுக்கும் சொன்னாள். அவனும் உடைந்த வாயைப் பார்த்துவிட்டு, “அட, ஆமா” என்றான். நான்கு பேரும் வண்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

டயர் தட்டுகிறதோ என்று மக்காட்டின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்கள். உரசின தடம் நேற்று விழுந்தது மட்டும்தான். கல் தெறித்து அடிக்கிறதோ என்றான் ஜக்கையன். நசுங்கல் ஒன்றும் இல்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார்கள், கோணாமல் ஓடியது. வில்லு இறங்கியிருக்குமோ என்று காசிமாயன் கீழே படுத்துப் பார்த்துவிட்டு முதுகெல்லாம் எண்ணெயோடு எழுந்தான்.

“நீ ஏதாவது சொல்லேன்டா. ஓட்டுறவன் நீதானே” என்றாள் ஒச்சம்மாள் தம்பியைப் பார்த்து.

ராமர் தள்ளி ஒரு டிரம்மின் மேல் உட்கார்ந்திருந்தான். பை இன்னும் தோளிலேயே கிடந்தது. “நான் என்னத்தைச் சொல்ல. சொன்னா நம்பவா போறாக.”

“சொல்லு மாப்ளே” என்றான் காசிமாயன், தரையைப் பார்த்துக்கொண்டு.

ராமர் பைவாரை இழுத்துவிட்டுக்கொண்டான். “ஆனியில ஒட்டி மாட்டையில ஜக்கையண்ணனுக்கு நான்தான் கூட இருந்தேன். முன்னாடி போல்டு ஓட்டைக்கு நேராவே வரலை. நான் மக்காட்டு மேல முட்டியை வச்சு அமுக்குனேன். அமுக்குன பெறகுதான் அண்ணன் போல்டைச் சொருகுனாரு.”

ஜக்கையன் தலையைச் சொறிந்தான். “அது… ஆமாப்பா. சித்திரையில கூட நான் கடப்பாரையைக் குடுத்து நெம்பித்தான் சேத்தேன். பழைய வண்டின்னா அப்பிடித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

“அப்ப அமுக்கிக் கட்டி வச்சிருக்கீக” என்றாள் ஒச்சம்மாள். “அமுக்குன கையை எடுத்தா அது மேல எந்திரிக்கத்தானே பாக்கும்?”

ஜக்கையன் எழுந்து போய்க் கேஸைப் பற்றவைத்தான். உடைந்த பட்டையைச் சும்மா பேருக்கு ஒட்டி, ராமரை மக்காட்டை அமுக்கச் சொல்லி, போல்டை மாட்டி முறுக்கினான். பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது. பிறகு, “தள்ளி நில்லுங்க” என்று சொல்லிவிட்டு ஸ்பானரை எதிர்ப்பக்கம் திருப்பினான். கடைசிப் புரி கழன்றதும் ‘டொய்ங்’ என்று சத்தம் கேட்டது. மக்காடு துள்ளி மேலே போயிற்று. பட்டை கீழே இறங்கிக்கொண்டது. நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடைவெளி.

காசிமாயன் அந்த இடைவெளியில் விரல்களை விட்டுப் பார்த்தான்.

“நிக்கையிலயே இம்புட்டு இழுப்பு. இதோட இத்தனை மாசம் மலையேறி எறங்கியிருக்கு.”

“இப்ப மக்காட்டை மேல தூக்குறது எது?” என்றான் ஜக்கையன். கேட்டுவிட்டுத் தானே பின்பக்கம் போனான். காசிமாயனும் போனான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பின்பட்டையைப் பார்த்தார்கள். லாரி வில்லில் செய்த, ஒருபோதும் உடையாத பட்டை. ஜக்கையன் ஒரு குச்சியை ஒடித்துப் பின்பட்டையின் உயரத்தை அளந்து, அதே குச்சியை முன்னால் கொண்டுவந்து வைத்தான். பின்னது உசரம்.

“எஸ்டேட்டுல எவனோ கண்ணளவுல செஞ்சு போட்டிருக்கான்” என்றான் ஜக்கையன். “அது வளைஞ்சு குடுக்காது. முன்னதுதான் வளையணும். வளைஞ்சு வளைஞ்சு செத்திருக்கு.”

ராமர் டிரம்மிலிருந்து இறங்கினான். “மச்சான் தட்டித் தட்டிப் பெருமையா காட்டுவாருல்ல, அதா?”

ஒச்சம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்று மத்தியானத்திலிருந்து நெஞ்சுக்குள் கட்டிக்கிடந்ததெல்லாம் சேர்ந்து வந்ததில் நிறுத்த முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். ஜக்கையனும் சிரித்தான். காசிமாயன் மட்டும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பின்பட்டையை முறைத்தான்.

பின்பட்டையின் உயரத்தைக் குறைத்து, முன்பட்டையைப் புதிதாகச் செய்வதென்று முடிவான நேரத்தில் கரண்டு போய்விட்டது; ஓட்டை போடுவது அது வந்தபிறகுதான். எப்போது வரும் என்று தெரியாது. ஜக்கையன் எதிர்க்கடையில் டீயும் பருப்பு வடையும் சொல்லிவிட்டு, உலையை மூட்டிப் பின்பட்டையைக் கழற்றிக் காய்ச்சத் தொடங்கினான். ஊதுலைச் சக்கரத்தைச் சுற்ற ஆள் வேண்டும். காசிமாயன் போய்ச் சுற்றினான். கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்த ராமர் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, “தள்ளுங்க, நான் சுத்துறேன்” என்றான்.

காசிமாயன் நகரவில்லை. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“நேத்து லாரிக்காரன் வந்து என்ன சொன்னான் தெரியுமா? ‘ஒங்க வண்டி வளைவுல கெடக்கு, ராமரு ஓட்டிட்டு வந்தது’ன்னான். அம்புட்டுத்தான். ஆளு இருக்கானா இல்லையான்னு நான் கேக்குறதுக்குள்ள கெளப்பிக்கிட்டுப் போயிட்டான். முந்தல் வரைக்கும் சைக்கிளை மிதிச்சேன் மாப்ளே. ஒங்கக்காகிட்ட என்ன சொல்றதுன்னுதான் மிதிச்சேன். அங்க போனா வண்டியை ஏத்தி வந்த லாரி நிக்கிது, நீ செக்போஸ்ட்டு பெஞ்சுல உக்காந்து பீடி குடிச்சுக்கிட்டு இருக்கே.”

“அதுக்கா அந்தக் கோவம்?”

“பின்னே? நான் சைக்கிளைக் கீழ போட்டுட்டு ஓடியாந்தேன். நீ பாட்டுக்குப் பொகை விட்டுக்கிட்டு இருக்கே.”

“கை நடுங்குச்சுன்னுதான் மச்சான் பீடி வாங்குனேன். பத்த வைக்கவே முடியலை. செக்போஸ்ட்டுக்காரருதான் பத்த வச்சுக் குடுத்தாரு.”

ஒச்சம்மாள் அந்தப் பக்கம் திரும்பாமல் வடையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். காசிமாயன் சக்கரத்தை விட்டுவிட்டு நகர்ந்தான். ராமர் போய்ப் பிடித்துக்கொண்டான். தீ சீறிக்கொண்டு எழுந்தது.

பின்பட்டை சிவந்து பழமானதும் ஜக்கையன் அதைப் பட்டடையில் வைத்து அடித்து உயரத்தைக் குறைத்தான். குச்சியை வைத்து அளப்பதும் மறுபடி காய்ச்சுவதுமாக இருந்தான். முன்பட்டைக்குப் பழைய ஒட்டுகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் புது இரும்பு வெட்டினான். “கனமா வேணாம்ணே” என்று ஒச்சம்மாள் சொன்னாள். “எனக்கும் தெரியும் தாயி” என்று சிரித்தான். விளிம்புகளை அரத்தால் ராவி மழுக்கினான். பழைய டயரிலிருந்து ரப்பர் வட்டங்கள் வெட்டி, பட்டைக்கும் மக்காட்டுக்கும் நடுவில் வைக்கக் கொடுத்தான். சாயங்காலம் கரண்டு வந்ததும் ஓட்டை போட்டான்.

“இப்ப யாரும் அமுக்க வேணாம். மக்காட்டைத் தொடாதீக” என்றான்.

போல்டை எடுத்துக் காசிமாயன் கையில் கொடுத்தான். காசிமாயன் அதை ராமரிடம் நீட்டினான்.

“நீயே போடு.”

ராமர் குனிந்து ஓட்டையில் போல்டை வைத்தான். விரலால் லேசாகத் தள்ளினான். அது தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஜக்கையன் முறுக்கிவிட்டு மறுபடியும் கழற்றிக் காட்டினான். மக்காடு அசையாமல் இருந்த இடத்தில் இருந்தது. சத்தமே இல்லை.

“ஸ்…” என்று காசிமாயன் பெருமூச்சு விட்டான். தொழுவத்தில் மாடு படுக்கும்போது விடுகிற மூச்சைப் போல இருந்தது அது.

மறுநாள் கிட்டங்கிக்கு வேலைக்கு வரவில்லை என்று ஒச்சம்மாள் சொல்லிவிட்டாள். “நானும் வர்றேன். என் கண்ணால பாக்காம எனக்கு ஒறக்கம் வராது” என்று ஒரே பிடியாக நின்றாள். பாதி லோடுதான் ஏற்றினார்கள். மீதி இடத்தில் சாக்கை விரித்து அவள் உட்கார்ந்துகொண்டாள். காசிமாயன் ஓட்டினான். ராமர் பின்னால்.

முந்தலைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. ஒரு கையால் பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையை மக்காட்டின் மேலேயே வைத்திருந்தாள். வண்டியின் நடுக்கம் கையில் ஏறியது. அதுவும் ஒரே சீரான நடுக்கம். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் குனிந்து பார்த்தாள். மக்காடு சக்கரத்தோடு இறங்கிச் சக்கரத்தோடு ஏறியது. கீழே போடி சுருங்கிக்கொண்டே போயிற்று. ரயில் தண்டவாளம், கண்மாய், சிலமலைப் பக்கத்துத் தோட்டங்கள், எல்லாம் வெயிலில் கிடந்தன. மேலே போகப்போக வெயில் போய்ச் சாரல் வந்தது. காற்றில் காப்பிச் செடியின் ஈரவாசம்.

மெட்டில் வண்டி நின்றதும் மலையாளத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். “எந்தா ராமரே, வண்டி செரியாயோ? ஞான் பேடிச்சுப் போயி.”

“பயப்பட வேணாம், சரியாயிருச்சு சேட்டா. எங்கக்கா ஒட்டுனது” என்றான் ராமர்.

மீன் வாங்க லயத்துப் பெண்கள் சாரலுக்கு மடித்த சாக்குக் கொங்காடியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். கூட்டத்தில் இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள். ராமரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். காசிமாயன் தராசைப் பிடித்தபடி அவளைப் பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான்.

“சந்திரவல்லி நீதானா ஆத்தா?”

“ஆமாண்ணே.”

“புள்ளைக்குக் காய்ச்ச விட்டிருச்சா?”

“விட்டிருச்சுண்ணே. அன்னைக்கு இந்தத் தம்பி மட்டும் கொண்டாந்து சேக்காட்டி… பெட்டிக்குள்ள கூடையெல்லாம் ஒதுக்கி எடம் குடுத்துச்சு. மழை படாமச் சாக்கைப் போத்திவிட்டுச்சு.”

காசிமாயன் நிறுத்த மீனுக்கு மேல் இன்னும் இரண்டு சாளையைத் தூக்கி இலையில் போட்டான். “புள்ளைக்கு முள்ளில்லாமப் பாத்துக் குடு” என்றான்.

கூடைகள் காலியாக மத்தியானம் ஆயிற்று. கிளம்புகிற நேரத்தில் காசிமாயன் வண்டியைச் சுற்றி வந்தான். பட்டைகளைக் குனிந்து பார்த்தான். முன்பட்டை, பின்பட்டை, ரப்பர், போல்டு. எல்லாம் போட்டது போட்டபடி இருந்தன. பிறகு சாவியை ராமர் கையில் திணித்தான்.

“நீ ஓட்டு. ஒச்சு, நீ பின்னாடி ஏறு.”

“நீங்க?”

“நான் இங்கிட்டு.” வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்தான். வண்டியை வாங்கின நாளிலிருந்து அவன் அந்தப் பக்கம் உட்கார்ந்ததே கிடையாது. காலிக் கூடைகளுக்கு நடுவில் முட்டியை மடக்கி, சாக்கை இழுத்துப் போர்த்திக்கொண்டான். உடம்பைப் பெட்டியின் மூலையில் சாய்த்தான். பக்கத்தில் மக்காடு இருந்தது. அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

இறக்கத்தில் ராமர் பதமாக விட்டான். வளைவுக்கு வளைவு இஞ்சின் சத்தம் மலையில் மோதித் திரும்பி வந்தது. சுவர் இடிபட்டு வெள்ளையாகச் சுண்ணாம்பு தெரிகிற வளைவு வந்தபோது ஒச்சம்மாளின் கை தானாகத் தம்பியின் சட்டையை இறுக்கியது.

“இதுதான்க்கா அந்த எடம்.”

“தெரியுது. முன்னாடி பாத்து ஓட்டு.”

வண்டி திரும்பியது. சக்கரங்கள் மூன்றும் தங்கள் பாட்டில் உருண்டன. சுவர் பின்னால் போய்விட்டது. ஒச்சம்மாள் புருசனிடம் சொல்லலாம் என்று பெட்டிப் பக்கம் குனிந்தாள். காசிமாயன் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

முந்தல் செக்போஸ்ட்டில் தடுப்புத் தடி குறுக்கே விழுந்திருந்தது. ஏலக்காய் ஏதும் ஒளித்துக்கொண்டு போகிறார்களா என்று பார்க்கிற ஆள் எழுந்து வந்தார். முந்தாநாள் பீடி பற்றவைத்துக் கொடுத்தவர் அவர்தான்.

“என்னப்பா, அதுக்குள்ள ஓட்ட ஆரம்பிச்சிட்டியா? பெட்டியில என்ன லோடு? சாக்கைத் தூக்கு.”

ராமர் இஞ்சினை அணைத்தான். குரலைத் தாழ்த்தினான்.

“எங்க மச்சான்ண்ணே. மெதுவாப் பேசுங்க. மனுசன் ரெண்டு ராத்திரியாத் தூங்கலை.”

அவர் எட்டிப் பார்த்தார். மீன் கூடைகளுக்கு நடுவில் சாக்குக்கு வெளியே ஒரு மீசையும், குறட்டையும், மேலும் கீழும் போகிற ஒரு வயிறும். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, சத்தம் வராமல் தடியை இரண்டு கையாலும் பிடித்து மெள்ள மேலே தூக்கினார்.